ஹியூபேட் நிறுத்திய சேவர்

பகல் இரண்டு மணி. நிக்கினிப் போயா, பௌர்ணமி லீவு நாள். கொழும்பு ஒருகொடவத்தையில் கண்டெய்னர் யாட்டுகளுக்கு நடுவால் போகும் அந்தத் தெருவில் ஈ காக்கை இல்லை... லொறி இல்லை, தேத்தண்ணிக் கடையும் பூட்டு. பேய்க்கு இருட்டு வேண்டுமென்று உங்களுக்கு யார் சொன்னது? நெருங்கி இருந்து கேளுங்கள்.

அந்தத் தெருவால் மோட்டார்சைக்கிளில் வந்தவன் எங்கள் நதீஷாவின் அத்தான் ஹியூபேட். நதீஷா, முறைக்காதே. உன் அக்கா அவனைக் கட்டியதற்கு நான் என்ன செய்ய? கொட்டாஞ்சேனைக்காரன். கம்ப்யூட்டர் படித்த நாளிலிருந்து மற்றவர்களெல்லாம் வாயில்லாத மாடுகள் என்ற நினைப்பு. யாராவது ஏதாவது சொன்னால், முடிக்க முன்னமே "ஓம் ஓம்" என்பான். கேட்டதாக அர்த்தமில்லை. வாயை மூடு என்று அர்த்தம்.

அன்று வேலை ஒரு மீன் குளிர்க்களஞ்சியத்தில். பழைய சேவரை, அதுதான் அங்கே எல்லாவற்றையும் இயக்கும் கம்ப்யூட்டரை, அழித்துவிட்டுப் புதிய ஓபரேட்டிங் சிஸ்டம் போட வேண்டும். அங்கே குளிர் அறைக் கதவு கைரேகைக்குத்தான் திறக்கும். கைரேகைகள் எல்லாம் அந்தச் சேவருக்குள். சேவர் நின்றால் கதவு உள்ளிருந்தும் திறக்காது, வெளியிலிருந்தும் திறக்காது.

ஸ்டோர்கீப்பர் மஷூர் நானா, வயதான மனிதர், தன் போனைச் சார்ஜில் போட்டுவிட்டுத் தடித்த கோட்டும் சப்பாத்துமாக வந்து நின்றார்.

"தம்பி, நான் உள்ளுக்குப் போய் இறால் பெட்டிய பாத்துட்டு வாரேன். வெளிய வாரவரைக்கும் மெஷினை நிப்பாட்டிராதீங்க. கதவு தொறக்காது."

"ஓம் ஓம்," என்றான் ஹியூபேட். திரையிலிருந்து கண்ணைக்கூட எடுக்கவில்லை.

கதவு சாத்திக்கொண்டது. அடுத்த நிமிஷம் ஹியூபேட் ஐயா சேவரை நிறுத்தினார். பழையதை ஒன்றும் விடாமல் அழித்தும் விட்டார். உள்ளே மைனஸ் பதினெட்டு. அதற்குள் ஒரு மனிசன் எவ்வளவு நேரம் தாங்குவான்? அந்தக் கேள்வி இவன் மண்டைக்குள் எட்டியும் பார்க்கவில்லை.

பென் டிரைவைச் செருகினான். இன்ஸ்டலேஷன் தொடங்கி... நின்றது. டிஸ்க்கைக் காணவில்லை என்றது திரை. இப்போதுதானே அழித்தான்! மூடியைக் கழற்றினான். உள்ளே கேபிள் கழன்று கிடந்தது. முனையில் ஈரம்.

"முன்னம் பூட்டின எருமை ஆரோ தெரியேல்ல," என்று துடைத்துச் செருகினான்.

இரண்டாம் தரம் நன்றாகத்தான் ஓடியது. பாதியில்... ஃபைலை வாசிக்க முடியவில்லை என்றது. பார்த்தால் பென் டிரைவ் மேசையில் கிடக்கிறது. எடுத்தான். விரல் ஒட்டிக்கொண்டது, அவ்வளவு குளிர். அறை முழுக்க இறால் வெடில் நாற்றம். புத்தியுள்ளவன் என்றால் அந்த இடத்திலேயே எழும்பி ஓடியிருப்பான். இவன் கதிரையை விட்டு அசையாமல் கத்தினான்.

"நானா, பகிடி விடாதேங்கோ! உங்களுக்கு வேலை இல்லாட்டி எனக்கு இருக்கு!"

மூன்றாம் தரம்... டிக். திரை கறுத்தது. சுவரில் பிளக் கழன்று தொங்கி ஆடியது. நிலத்தில் ஈரக் கால்தடங்கள். வெறுங்கால். மூடிய குளிர் அறைக் கதவடியில் தொடங்கி, நேரே பிளக் வரைக்கும். திரும்பிப் போன தடம் ஒன்றுமில்லை.

அப்போதும் அவனுக்குப் பயம் வரவில்லை என்றால் பாருங்கள்! கோபம்தான் வந்தது. கிழவனுக்கு நல்லாக் கொடுக்க வேண்டுமென்று போய்க் கதவில் குத்தினான். உள்ளிருந்து பதில் வந்தது. டொக்... டொக்... அவ்வளவு பலவீனமாக. அப்போதுதான் அவனுக்கு உறைத்தது. "கடவுளே, அந்த மனிசன் உள்ளுக்கெல்லோ!" என்று அலறிக்கொண்டு கேட்டுக்கு ஓடினான்.

காவலாளி றொஹான் இரும்பு அலவாங்கோடு வந்தான். இரண்டு பேருமாகப் பூட்டைப் பிளந்து மஷூர் நானாவை வெளியே இழுத்தார்கள். உதடு நீலம். புருவத்தில் பனி. றொஹான் போர்வை சுற்றி, சுடச்சுட பிளேன்டீ பருக்கினான். ஹியூபேட் பக்கத்தில் கையைப் பிசைந்துகொண்டு நின்றான். வெட்கம் என்ற ஒன்று அவனுக்கும் இருப்பது அன்றைக்குத்தான் தெரிந்தது.

"நானா, என்னை மன்னிச்சுக்கொள்ளுங்கோ. உள்ளுக்கு... வேற ஆரும் நிண்டவையோ?"

மஷூர் நானா அவனை ஏற இறங்கப் பார்த்தார்.

"ஒருத்தர் இருந்தார். இடுப்புல வெறும் சாரம், வெறுங்கால். முன்னப்பின்ன கண்ட ஆளில்ல. வெளிய போய்ப் போய் வந்தார். கேபிளைக் கழட்டினேன், திருப்பிப் பூட்டிட்டாண்டு சொன்னார். பென்னைப் புடுங்கினேன், திருப்பிக் குத்திட்டாண்டு சொன்னார். இப்பிடி ஒரு மடையன உசிரோட இருந்த காலத்திலயும் காணல்லயாம்."

றொஹான் சிரிக்கப் பார்த்தான். சிரிப்பு வரவில்லை.

"பொறகு, 'அவனைக் கொண்டாந்து இங்க வெச்சிட்டு ஒங்கள வெளிய உடட்டா'ண்டு எங்கிட்ட கேட்டார்."

ஹியூபேட் குளிர் அறைக் கதவைத் திரும்பிப் பார்த்தான்.

"நீங்க... என்ன சொன்னனீங்கள்?"

"வேணாம், புள்ளகுட்டிக்காரன், உட்டுருங்கண்டேன்." மஷூர் நானா மிச்சத் தேத்தண்ணியைக் குடித்தார். "அவர் சரிண்டு சொல்லல்ல தம்பி. எழும்பி வெளிய போனவர்... இன்னும் உள்ளுக்கு வரல்ல."