வெள்ளைக் காரின் மூக்கு

— தொட வேண்டாமாம். என்ரை கையால வார்த்த காரை நானே தொட வேண்டாமாம். கேட்டியே கஜீவன்?

— அன்டன் அண்ணை, முதல்ல வானுக்குள்ள ஏறிக் கதவைச் சாத்துங்கோ. ஏர்போட் வாசல்ல நிண்டு கத்தினா ஆக்கள் பாப்பினம்.

— கிளீனிங் யூனிபோம் போட்டவனை ஆரடா பாக்கிறது? நகரு, ஏறுறன்.

— எங்க பாத்தனீங்கள்?

— புவாண்ட்-கிளேர் மோல் பார்க்கிங்கில. ஞாயிற்றுக்கிழமை பழைய காருகளை அடுக்கி வைச்சிருந்தாங்கள். நடுவில எங்கட கோர்வெட். வெள்ளை உடம்பு, சிவப்பு சீற். முன்னால ஒரு மட்டையில ஐம்பத்திமூண்டாம் ஆண்டுக் கார், அசல் எண்டு எழுதியிருக்கு. நீ மாரி முழுக்க எனக்கு என்ன சொன்னனீ?

— பெயின்ற் கடையில நிக்குது எண்டு...

— ஓம். லவாலில. நானும் விசரன் மாதிரி, பெயின்ற் காய இவ்வளவு நாள் எடுக்குமோ எண்டு யோசிச்சுக்கொண்டு திரிஞ்சனான்.

— டென்சன் ஆகாதேங்கோ அண்ணை. அது பிஸ்னஸ். உங்கட பங்கு வரும்.

— பங்கைப் பற்றி நான் கதைச்சனானே? கோடைக்கு ரெண்டு பேருமா காஸ்பே கடற்கரை வரைக்கும் ஓடிக்கொண்டு போவம் எண்டு ஆர் சொன்னது? அசலைப் பாத்து எங்கட கையால செய்த கொப்பி எண்டு மட்டை எழுதி, ரெண்டு பேற்றை பேரும் போடுவம் எண்டு ஆர் சொன்னது?

— நான்தான்.

— கராஜுக்குள்ள களிமண் கல்லு மாதிரி இறுகிப்போக, உன்ரை மனுசி கௌரியின்ரை தலை காயவைக்கிற மெசினைக் களவெடுத்துக்கொண்டு வந்தனீயே. அதைப் பிடிச்சுப் பிடிச்சு இளக்கி, அந்த மூக்கை வழிச்சு எடுத்தனாங்கள். மறந்திட்டியே?

— கௌரி இன்னும் அந்த மெசினைத் தேடுறா. அண்ணை, அசல் கோர்வெட்டைச் செய்த அமெரிக்காக்காரனும் இப்பிடித்தானே? முதல் களிமண்ணில செய்தவன். பேந்து கண்காட்சிக்கு ஃபைபர்கிளாசில ஒண்டு. சனம் விழுந்தடிச்சுக் கேட்கத்தானே விக்க வெளிக்கிட்டவன். காட்டச் செய்ததை வித்தது குற்றமே?

— அவன் தன்ரை கையால செய்தது எண்டு சொல்லி வித்தவன்.

— நானும் எங்கட காரைத்தானே வித்தனான்.

— நீ எங்கயோ எரிஞ்ச அசல் கோர்வெட்டின்ரை நம்பர் தகட்டை வாங்கி அடிச்சு, அசல் எண்டு வித்திருக்கிறாய். சரி சொல்லு. கண்டால் ஒளிக்கிறவன், இண்டைக்கு ஏன் தேடி வந்தனீ?

— வாங்கின மனுசனுக்குச் சந்தேகம் வந்திட்டுது. வியாழக்கிழமை ஆரோ விசயம் தெரிஞ்ச ஆளைக் கூப்பிடுறானாம். அடியால சுரண்டி, லைற் பிடிச்சுப் பாப்பாங்களாம்.

— பாக்கட்டும்.

— அண்ணை, குருநகரில உங்கட மாமா மீன்பிடி போட் வார்க்கேக்க மூக்குக்குள்ள ஒரு பேர் எழுதுவார் எண்டு சொன்னனீங்களெல்லே?

— ஓம். முதல் ஃபைபர் துணியை விரிச்சு, ரெசின் பசை பூசி, ரெண்டாவதைப் போட முதல் எழுதுவார். பேந்து அது அழியாது.

— எங்கட காரிலயும் எழுதினீங்களோ?

— எழுதினனான்.

— ஐயோ அண்ணை! எனக்குச் சொல்லேல்லையே!

— ரெசின் மணம் தாங்கேலாது எண்டு நீ கோப்பி வாங்க ஓடின நேரம் எழுதினனான். காஸ்பேயில வைச்சுக் காட்டுவம் எண்டு இருந்தன்.

— புதன்கிழமை வாங்கோ. சேவிஸ் எண்டு சொல்லி வாங்கினவன்ரை கராஜுக்குள்ள போவம். கிரைண்டரால உரஞ்சி எடுத்துவிடுங்கோ. உங்களுக்குத்தானே இடம் தெரியும்.

— மாட்டன்.

— அண்ணை, கெஞ்சிக் கேக்கிறன்.

— மாட்டன் தம்பி. அதில கிரைண்டர் வைக்க எனக்குக் கை வராது.

— அப்ப நான் சொல்லுறதைக் கேளுங்கோ. உங்கட பேர் வெளியில வந்தா, நீங்கள்தான் அசல் எண்டு என்ரை தலையில கட்டினீங்கள், எனக்கு ஒண்டும் தெரியாது எண்டு பொலிசில சொல்லுவன்.

— பிளேன் போகட்டும். கேக்கேல்லை. திருப்பிச் சொல்லு.

— நீங்கள்தான் என்னை ஏமாத்தினீங்கள் எண்டு சொல்லுவன்.

— கேட்டது. உன்ரை வாயால ரெண்டாந்தரமும் வருமோ எண்டு பாத்தன். என்ரை மனுசி அக்னெஸை இங்க கூப்பிடுற ஸ்பொன்சர் அலுவல் இன்னும் முடியேல்லை எண்டு தெரியுமெல்லே? என்ரை பேரில ஒரு கேஸ் விழுந்தா அவள் யாழ்ப்பாணத்திலயே கிடக்க வேண்டியதுதான்.

— தெரியும் அண்ணை.

— தெரிஞ்சுதான் சொல்லுறாய்.

— எனக்கும் பிள்ளையள் இருக்கு. அவங்கள் உள்ளுக்கு அன்டன் எண்டு பாத்தாங்கள் எண்டால், அது உங்கட பிழைதான். நான் என்ன செய்ய?

— கதவைத் திற. வேலை இடைவேளை முடியுது, நான் இறங்கவேணும்.

— அண்ணை, கடைசியாக் கேக்கிறன். புதன்கிழமை வருவீங்களோ, இல்லையோ?

— மாமா ஒருநாளும் வார்த்தவன்ரை பேரை எழுதினதில்லை, கஜீவன். கடலுக்கு ஏறிப் போறவன்ரை பேரைத்தான் எழுதுவார், அவனுக்கு ஒண்டும் நடக்கக் கூடாது எண்டு. அந்த மூக்குக்குள்ள இருக்கிறது உன்ரை பேரடா.