கட்டத்துக்குள் ஃபார்முலா இல்லை

திருவொற்றியூரில் ரயில் ஏறினேன். எதிரில் இரண்டு பெண்கள். ஒருத்தி கன்டெய்னர் யார்டு ஆபீஸில் வேலை பார்ப்பவள்.

"கம்ப்யூட்டரை முன்னாடி வெச்சுகினு கால்குலேட்டர்ல கணக்குப் போட்டேன். இன்னிக்கு மாட்டிக்கினேன்டி."

"இன்னாடி சொல்ற?"

"மொத்த எடையில காலிப் பெட்டி எடையைக் கழிக்கணும். விடையை அப்டியே எக்செல் கட்டத்துல தட்டிட்டேன். மேனேஜர் கட்டத்தைத் தொட்டாரு, ஃபார்முலாவே இல்ல. எக்செல் தெரியும்னு புளுகித்தானே வேலைக்குச் சேந்தேன்?"

"அய்யே! வேலை போச்சா?"

"இரு. 'இப்படிப் போடணும்'னு அவரே மொத வரியில ஃபார்முலா போட்டு, மீதி வரிக்கும் வரட்டும்னு கீழ இழுத்தாரு. காலிப் பெட்டி எடை மேல ஒரே கட்டத்துல கீது. ஃபார்முலா அதை வுட்டுட்டு வரிக்கு வரி கீழ எறங்கி, வெத்துக் கட்டத்தைக் கழிச்சுகினு போச்சு. மொத பெட்டி தவிர அத்தினியும் தப்பு. என்னுது எல்லாம் கரெக்ட்டு."

"அப்பால?"

"வேலைய வுட்டு அனுப்பல. யாருகிட்டயும் சொல்லிடாதம்மான்னு கெஞ்சினாரு."

ரயிலில் பாதிப் பேர் கேட்டுவிட்டோம்.