பதினாறுக்கு ரெண்டு விடை

இல்ல சார், உங்க மேல தப்புன்னு நான் எங்க சொன்னேன்? ரெண்டு பேர் எழுதியிருக்குன்னுதான் சொன்னேன். பதினாறாம் தேதி மண்டபம் உங்களுக்கும் இருக்கு, இன்னொரு பார்ட்டிக்கும் இருக்கு. உக்காருங்க சார். ஐயோ, அதுல வேணாம், அதுக்கு மூணு கால்தான். இதுல உக்காருங்க.

அட, என்னையத் தெரியலையா? பத்தாங்கிளாஸ், கடைசி பெஞ்சு. ஒய் ஸ்கொயர் ஈக்குவல் டு எக்ஸ், இது ஃபங்ஷனா இல்லையா, காரணம் சொல்லுன்னு கேட்டீங்க. பத்திரிகை வரல, அதனால ஃபங்ஷன் இல்லன்னு எழுதினேன். ஆமா சார், நானேதான்! பாத்தீங்களா, இப்ப சிரிக்கிறீங்க. அன்னிக்கு சிரிக்கல. வெளிய போடான்னீங்க. போனவன்தான். ஏழு வருஷமாச்சு, உள்ள வாடான்னு நீங்க இன்னும் சொல்லவே இல்ல. நானும் ரோஷக்காரன், பள்ளிக்கூடத்துப் பக்கமே திரும்பல.

ஆனா விடை சரிதானே சார்? ஃபங்ஷன் இல்லதானே? காரணம்தான் கொஞ்சம் கோணல். இந்த மண்டபத்து வேலைக்கு வந்தப்புறம்தான் காரணமே புரிஞ்சது. மேசையில இருக்கிற ரெஜிஸ்டரைப் பாருங்க. இந்தப் பக்கம் தேதி, அது எக்ஸ். அந்தப் பக்கம் பார்ட்டி, அது ஒய். ஒரே ஆளு ரெண்டு தேதி எடுக்கலாம், தப்பில்ல. ஒரு தேதியில ரெண்டு ஆளு நுழைஞ்சா முடிஞ்சது. ஒரு உறையில ரெண்டு கத்தி. ஒரு கல்லுல ரெண்டு மாங்கா விழுந்தா ஊரே கை தட்டும் சார், கணக்கு வாத்தியார் மட்டும் கல்லைப் பிடுங்கி வெச்சுக்குவார்.

ஒய் ஸ்கொயர் பதினாறுன்னா ஒய் எவ்வளவு? நாலுன்னு சொல்லிட்டு நான் கிளம்பிடுவேன். மைனஸ் நாலு எங்கடான்னு நீங்க காதைத் திருகுவீங்க. இந்தப் பதினாறாம் தேதிக்கும் அதே கதிதான். இங்க ஒரு நாலு, அங்க ஒரு மைனஸ் நாலு.

ஒரு வரிய அடிச்சுடணுமா? எதை சார்? நீங்கதானே சொல்லிக் குடுத்தீங்க, ஒண்ணை விட்டுட்டு ஒண்ணை மட்டும் வெச்சுக்கிட்டா ஃபங்ஷன் ஆயிடும்னு. ஆயிடும். ஆனா பிளஸ்ஸைத்தான் வெச்சுக்கணும்னு சட்டமா என்ன? மைனஸை வெச்சுக்கிட்டாலும் ஃபங்ஷன் ஃபங்ஷன்தான். இல்லன்னு சொல்லுங்க பாப்போம். மத்த விஷயத்துல எப்படியோ, கணக்குல உங்களுக்குப் பொய் வராது.

கோவப்படாதீங்க சார், தண்ணி குடிங்க. முதலாளியக் கூப்பிடணுமா? கூப்பிடலாம், அவர் எழுதினதையே அவரால படிக்க முடியாது. நீங்களே படிச்சுடுங்க. கண்ணாடிய மறந்துட்டு வந்துட்டீங்களா? நெத்தியில இருக்கு சார், கீழ இறக்குங்க.

மேல் வரி உங்க எழுத்து. பொண்ணு, உங்க பொண்ணு. மாப்பிள்ளை, அந்த பேங்க்காரர். சரியா? இப்ப கீழ் வரி. மாப்பிள்ளை பேரை அப்புறம் பாத்துக்கலாம், பொண்ணு பேரைப் படிங்க. ஆமா. அதே பேருதான். இனிஷியலும் அதேதான். கையெழுத்து தெரியுதா? போன வியாழக்கிழமை அவளே வந்து போட்டா. அழுது சொன்னா எங்கப்பா காதுல ஏறாது, கணக்கா சொன்னா மறுக்க மாட்டாரு, நீயே சொல்லிடுன்னா. அதான் சார், இவ்வளவு நேரம் வளவளன்னு.

கீழ் வரி மாப்பிள்ளைகிட்ட என்ன இருக்குன்னு கேக்குறீங்களா? படிப்பு இல்ல. பொறுமையும் இல்ல. ரெண்டு மைனஸ். பெருக்கிப் பாருங்க.

மேசையில பேனா இருக்கு, ஸ்கேலும் இருக்கு. எந்த வரிய வேணா அடிங்க, நேரா அடிங்க.

என்ன, இவ்வளவு நேரமும் கதவுகிட்ட நின்னே பேசுறேன்னா கேக்குறீங்க? நீங்க சொல்லாம எப்படி வர்றது. உள்ள வரட்டுமா, மாமா?