நகர்த்தாத கரைக்கோடு

நான் நடந்துகொண்டே பேசுகிறேன், சார். உட்கார்ந்தால் என் கால் தானாக ஆட ஆரம்பித்துவிடும். எதிரில் இருப்பவருக்கு எரிச்சல் வரும்.

வானிலை செயற்கைக்கோள் ஆராய்ச்சி நிலையத்தின் படப்பிரிவில் இருபத்தாறு வருடம் இருந்தேன். மேலேயிருந்து வரும் மேகப் படத்தின் மீது கணினி ஒரு கரைக்கோடு வரையும். எது கடல், எது நிலம் என்று அந்தக் கோடுதான் சொல்லும். செயற்கைக்கோள் துளி அசைந்தாலும் படம் கோட்டிலிருந்து விலகிவிடும். தினமும் காலையில் முதல் ஆளாக வந்து, நிலமுனையையும் பெரிய ஏரியையும் கண்ணால் பார்த்து, கோட்டை அதன் இடத்துக்கு நகர்த்துவேன். பத்து நிமிட வேலை. "கோட்டம்மா, இன்னைக்குக் கடல் இடத்துலதான் இருக்கா?" என்று கேட்டுக்கொண்டே மற்றவர்கள் உள்ளே வருவார்கள். நானும் சிரிப்பேன்.

பிறகு, அந்தக் கோட்டை வைத்துப் புயலின் மையத்தைத் தானே கண்டுபிடித்து அறிக்கை அனுப்பும் மென்பொருள் வந்தது. அதைச் செய்தவரை நாங்கள் 'அவசரம்' என்றுதான் கூப்பிடுவோம். சோதனை நடந்த மூன்று மாதமும் காலையில் கோட்டை நகர்த்தியவள் நான். மென்பொருள் நூற்றுக்கு நூறு வாங்கியது. பொறுப்பை ஒப்படைத்த அன்று அவர் கைப்பேசியைப் பார்த்தபடியே கேட்டார்.

"மேடம், இந்தக் கோடு நகர்த்துற வேலை இன்னும் இருக்கா?"

"புது செயற்கைக்கோள்ல அதெல்லாம் இல்லப்பா."

"அப்பாடா. ஒரு தலைவலி போச்சு."

முகத்தைப் பார்த்துக் கேட்டிருந்தால் உண்மையைச் சொல்லியிருப்பேன். கேட்பதற்கும் ஒரு முறை இருக்கிறது.

படப்பிரிவை மூடினார்கள். என்னை நூலகத்தில் போட்டார்கள். "இனிமே காலை நீட்டி உட்காரலாம்" என்றார் இயக்குநர். எனக்கு அது வராது.

சாதாரண மழை நாளில் கோடு விலகினால் ஒருவருக்கும் தெரியாது. அதனால் காத்திருந்தேன். புயல் வர வேண்டும் என்று நினைக்கவில்லை. வந்தால் என்னைக் கூப்பிடுவார்கள் என்று நினைத்தேன். வாக்குமூலத்தில் இரண்டையும் ஒன்றாக்கி எழுதிவிடாதீர்கள்.

ஐந்தாவது வாரம் புயல் வந்தது. கரையோர ரேடார் பழுதாகிக் கிடந்ததால் எல்லோரும் மென்பொருளையே நம்பினார்கள். புயல் வடக்கு ஊரில் கரையேறும் என்று அறிக்கை போனது. அங்கிருந்தவர்களைப் பேருந்துகளில் ஏற்றித் தெற்கே துறைமுகப் பள்ளிக்கு அனுப்ப ஆரம்பித்தார்கள். நூலகத் திரையில் படத்தைப் பார்த்தேன். ஏரியில் பாதி கடலுக்குள் கிடந்தது. எண்பது கிலோமீட்டர் வடக்கே விலகல். புயல் துறைமுகத்துக்குத்தான் போய்க்கொண்டிருந்தது.

பத்து மணிக்குச் சொல்லிவிடலாம் என்று எழுந்தேன். உட்கார்ந்தேன். பதினொன்றுக்கு மறுபடி எழுந்து மாடிப்படி வரை போய்த் திரும்பினேன். அவசரமும் மற்றவர்களும் இருந்த அறைக்கு இருபது படிதான். யாராவது இறங்கி வந்து ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். நானாகப் போய் நின்றால், "நீங்கதானே இல்லைன்னீங்க" என்பார்கள். அவர்களாக வந்தால் அது வேறு.

பன்னிரண்டரைக்கு அக்கா போன் செய்தாள். அவள் வீடு அந்த வடக்கு ஊரில்.

"ஏண்டி, பஸ் வந்து வாசல்ல நிக்குது. துறைமுகத்துக்குப் போகணுமாம். உங்க அத்தான் வீட்டுலயே இருக்கலாங்கறார்."

"அவர் எல்லாத்துக்கும் அப்படித்தான் சொல்வார்."

"அதை விடு. உனக்குத் தெரியாததா? போகட்டுமா, வேண்டாமா?"

போகாதே என்றால் ஏன் என்று கேட்பாள். தெருவையே நிறுத்திவிடுவாள், அவள் வாய் அப்படி. எனக்கு முன்பே தெரியும் என்பது சாயங்காலத்துக்குள் இயக்குநர் காதுக்கு எட்டிவிடும்.

"போக்கா. முன் சீட்டுல உட்காரு, பின்னாடி உட்கார்ந்தா உனக்கு வாந்தி வரும்" என்றேன்.

நாலு மணிக்குப் பள்ளியின் கூரை போனது. பின்னாலேயே கடல் உள்ளே வந்தது. நூற்றுப் பன்னிரண்டு பேர். அக்காவும் அத்தானும் அதில் சேர்த்தி. தெரிந்தேதான் அனுப்பினேன், சார். கையெழுத்துப் போடுகிறேன்.

மனிதக் கண் பார்க்காமல் இனி ஒரு படமும் வெளியே போகக் கூடாது என்று நிலையத்தில் முடிவெடுத்திருக்கிறார்களாம். படப்பிரிவை மறுபடி திறக்கிறார்களாம். அந்த முடிவைச் சொல்லும் கடிதத்தின் நகல் உங்கள் மேசையில் இருக்கிறது. பொறுப்பாளர் என்று யாரைப் போட்டிருக்கிறார்கள், அதை மட்டும் பார்த்துச் சொல்லுங்கள்.