சீமாட்டி இன்றாவது சாக வேண்டும்

சாரலில் நனைந்தபடி தலைமை தாங்கும் அண்ணாச்சி நாறும்பூநாதன் அவர்களே, தென்காசித் தமிழ்ச் சான்றோர்களே, மூன்று மணிக்கே முன்வரிசையைப் பிடித்துவிட்ட, நான் மெத்தவும் அஞ்சுகின்ற தாய்மார்களே, வணக்கம்.

நானூறு ஆண்டுகளுக்கு முன்னே, லண்டன் நாடகக் கொட்டகையிலே, தீர்ப்பெழுதியவர் யார்? அரசரா? அறிஞரா? கொட்டை கொறித்தபடி பார்த்திருந்த பெண்கள். நாடகம் முடிந்ததும் நடிகன் முன்னால் வந்து, தாய்மார்களே, கைதட்டிக் காப்பாற்றுங்கள் என்று கும்பிடுவான். பெண் வேடம் கட்டியவர்களும் அங்கே ஆண்கள்தான்.

அந்தப் பாணியிலே நானும் ஒரு நாடகம் எழுதினேன். பொய்க் கடிதத்தை நம்பிய பிரபு, மனைவிக்கு நஞ்சு கொடுக்கிறான். பிரபு அடியேன். சீமாட்டி, செங்கோட்டைக் கிங்ஸ்லி. கலைக்காக மீசையைக் கொடுத்த தியாகி. சீமாட்டியின் உடல்மீது விழுந்து நான் அழும் ஒப்பாரியை எழுத ஆறு மாதம் ஆயிற்று.

போன சனிக்கிழமை, குற்றாலத்தில் ஐந்தாம் அங்கம். கிண்ணத்தை நீட்டுகிறேன். அருவிக்கரையில் மங்குஸ்தான் விற்கும் மாடத்தி அம்மாள் எழுந்தார்.

"யய்யா, செத்த பொறு. கடுதாசிய எழுதுன பய அந்தத் தூணுக்குப் பின்னால நிக்கான். நாங்க அத்தன பேரும் பாத்தோம். விசாரிக்காமலா கொல்லுத?"

"நான் இந்நாட்டின் பிரபு" என்று கர்ஜித்தேன்.

"இருந்துட்டுப் போ. கடுதாசிய இங்கன கொண்டா."

கடிதம் வரிசை வரிசையாகப் போயிற்று. கையெழுத்தை ஆராய்ந்தார்கள். கிங்ஸ்லி என்ன செய்தான்? "அக்கா சொல்லுதது நியாயந்தானே" என்று கிண்ணத்தை என்னிடமே கொடுத்தான். பாவாடையைத் தூக்கிக்கொண்டு கீழே இறங்கி, அவர்கள் நடுவில் அமர்ந்து மங்குஸ்தான் தின்றான்.

மேடையிலே நான் தனியன். மேற்கொண்டு வசனம் இல்லை. நா வறண்டது, கையில் இருந்ததைக் குடித்தேன். அது நஞ்சு என்பது பாதி குடித்த பிறகுதான் நினைவுக்கு வந்தது. வேறு வழி? விழுந்தேன்; செத்தேன்.

அப்போது எழுந்தது பாருங்கள் ஒரு கைதட்டல், இருபது ஆண்டுகளாக நடிக்கும் எனக்குப் பெண்கள் பக்கத்திலிருந்து கிடைத்த முதல் கைதட்டல் அதுதான். மனம் நொந்தது, மறைக்க மாட்டேன். ஆனால் அன்றிரவு முழுக்க யோசித்தேன். எழுதிய எனக்குச் சீமாட்டியின் சாவு ஒரு காட்சி. பார்த்த அவர்களுக்கோ அவள் ஓர் உயிர்.

இன்று மறுபடியும் அதே நாடகம். என் ஒப்பாரியை இன்னும் ஒருவரும் கேட்டதில்லை. கிங்ஸ்லி சாவதாகச் சத்தியம் செய்திருக்கிறான். தாய்மார்களே, உங்கள் தீர்ப்பைத் திரை விழுந்த பிறகு சொல்லக் கூடாதா?

என்ன தாயே? முடியாதா? கடிதத்தை இப்போதே தர வேண்டுமா?

சரி. ஏலே கிங்ஸ்லி, கிண்ணத்துல இன்னைக்காவது நன்னாரி சர்பத் ஊத்துலே. போன வாரம் வெறும் தண்ணி.

இன்னும் சற்று நேரத்தில் சாகப்போகும் பிரபுவின் நன்றியும் வணக்கமும்.