மூட்டையை யார் தூக்குவது?

அவைக்கு அழகு சேர்க்கும் தலைவர் அவர்களே, சங்கராபுரம் வட்டாரமெங்கும் சாக்பீஸ் தூசியைச் சந்தனமாய்ப் பூசிக்கொண்ட ஆசிரியப் பெருமக்களே, முன்வரிசையில் முகம் மலர்ந்திருக்கும் பெரியோர்களே, களைவெட்டை ஒருநாள் தள்ளிவைத்து வந்திருக்கும் தாய்மார்களே, கடைசி வரிசையில் கதைபேசும் கண்மணிகளே, உங்கள் அனைவருக்கும் என் வணக்கம்.

கதை நின்றுவிட்டதே. நன்றி கண்மணிகளே, இனி நான் பேசுகிறேன்.

என் பெயர் ஜெயசுதா. வெள்ளிமலைக்கு அப்பால் ஒரு மலையூரில் அறிவியல் ஆசிரியை. அறிவியலையும் தொழில்நுட்பத்தையும் சமூகத்தையும் சேர்த்துக் கற்பிப்பது எப்படி என்று பேசச் சொன்னார்கள். எனக்கே அதைக் கற்பித்தது, நான் போட்ட ஒரு பூஜ்யம்.

எங்கள் ஊருக்குச் சாமையில் உமி நீக்கும் இயந்திரம் ஒன்று வந்தது. மாலை போட்டோம், படம் எடுத்தோம், கைதட்டினோம். சில வாரம் கழித்து வகுப்புத் தேர்வில், ‘இயந்திரம் மனித உழைப்பைக் குறைப்பதை உள்ளூர் எடுத்துக்காட்டுடன் விளக்குக’ என்று கேட்டேன். ஒன்பதாம் வகுப்பு சந்தியா ஒரே வரி எழுதியிருந்தாள்: ‘எங்க ஊரு மிஷினால ஒரு வேலையும் குறையல.’

எடுத்தேன் சிவப்புப் பேனா, போட்டேன் பூஜ்யம்.

மறுநாள் முதல் பீரியட் முடிந்து வந்து நின்றாள். வாரத்தில் மூன்று நாள் அப்படித்தான் வருவாள்.

“ஏம்மா லேட்டு?”

“அம்மாகூட சாமை குத்திட்டு வரேன் மேடம்.”

“அதுக்குத்தான் மிஷின் இருக்கே?”

“வூட்டுக்கு வந்து அம்மாவக் கேளுங்க மேடம்.”

போனேன், மொத்த வகுப்பையும் கூட்டிக்கொண்டு. சந்தியாவின் அம்மா பச்சையம்மாள் உலக்கையைச் சுவரில் சாய்த்துவிட்டுச் சொன்னார்: “மிஷின் நல்லாத்தான் ஓடுதுங்க. கொட்டற வாய்தான் எங்கயோ மேல இருக்குது. மூட்டய யாரு தூக்கறது? ஆம்பளைங்க திருப்பூருக்குப் போயிட்டாங்க. குண்டான்ல அள்ளி ஊத்துனா பாதி மூஞ்சில கொட்டுது. முக்காலி போட்டு ஏறினேன். பெல்ட்டு பக்கத்துலயே சுத்திக்கினு இருக்குது, முந்தானையை இழுத்துக்கிச்சு. பொழச்சது போதும்னு வந்துட்டேன்.”

“இதை ஏங்க யார்கிட்டயும் சொல்லல?”

“யாரு வந்து கேட்டாங்க?”

தோழர்களே, அந்தச் சொல் என் மேல்தான் விழுந்தது. மாலை போட்ட கையல்லவா இது? பூஜ்யம் போட்ட கையல்லவா இது? அங்கேயே சந்தியாவின் விடைத்தாளை வாங்கி முழு மதிப்பெண் போட்டேன்.

பிள்ளைகள் அளவு நாடாவை எடுத்தார்கள். தானியம் கொட்டும் வாய் ஐந்தரை அடி உயரத்தில். ஊரில் அளந்த முப்பத்தொரு பெண்களில் இருபத்தெட்டுப் பேர் ஐந்தடிக்கும் கீழே. யாருடைய தோளை நினைத்து அந்த உயரத்தை வைத்தார்கள்? யாருடைய முந்தானையை மறந்து அந்தப் பெல்ட்டை மாட்டினார்கள்?

அதற்குள் வேன் வந்துவிட்டது. யாரும் பயன்படுத்தாத இயந்திரமாம், வேறு ஊருக்குக் கொண்டுபோக அதிகாரி வந்திருந்தார். “ஜனங்களுக்கு இஷ்டமில்ல, நாங்க இன்னா பண்றது?” என்றார்.

சந்தியா அவர் முன்னால் போய் நின்றாள். கேட்டாள்: “மிஷினை நிறுத்திட்டோம் சார். நீங்களே ஒரு மூட்டை கொட்டிக் காட்டுங்க சார்.”

அவரும் என்னைப்போல் அளவான உயரம். (சிரிக்காதீர்கள், தலைவர் அவர்களும் நம் கட்சிதான்.) மூச்சைப் பிடித்துத் தூக்கினார். தொட்டிக்குள் போனது கொஞ்சம், சட்டைக்குள் போனது மிச்சம். ஊரே வாயைப் பொத்திக்கொண்டது. முதலில் சிரித்தவர் அவர்தான். பிறகு பிள்ளைகளின் அளவுத்தாளைக் கேட்டு வாங்கினார். வேன் வெறுமனே இறங்கிப் போனது. இரண்டே வாரத்தில் மூன்று அகலப் படிகள் வந்தன. பெல்ட்டுக்குக் கம்பிவலை வந்தது. அதன்பின் பச்சையம்மாள் வந்தார், அவர் பின்னால் ஊரே வந்தது. சந்தியா இப்போது பிரேயருக்கே வந்துவிடுகிறாள்.

உமியும் அரிசியும் ஏன் பிரிகின்றன என்று சொல்லிக்கொடுப்போம். மோட்டார் எப்படிச் சுழல்கிறது என்று சொல்லிக்கொடுப்போம். அதன் முன்னே யார் நிற்கிறார், யாரால் நிற்க முடியவில்லை என்று கேட்கவும் சொல்லிக்கொடுப்போம். கேட்காத அறிவியல் பாதி அறிவியல், கேட்டறியாத கருவி பாதிக் கருவி.

இன்று காலை மலையிறங்கும் பஸ்ஸில், கைக்குழந்தையோடு ஒரு பெண் ஏற முடியாமல் தவித்தாள். என்னோடு இந்த விழாவுக்கு வந்த சந்தியா அவளைத் தூக்கிவிட்டு, அப்படியே குனிந்து படியில் நாடாவை வைத்தாள்.

“இன்னா பாப்பா பண்ற? டைமாவுது,” என்றார் கண்டக்டர்.

“அளந்துக்கினு இருக்கேண்ணா. ரெண்டு நிமிஷம்.”

பஸ் நின்றது. இரண்டு நிமிடம் முழுசாய் நின்றது.

பொறுமையாய்க் கேட்ட உங்களுக்கும், ஒலிபெருக்கியை என் உயரத்துக்கு இறக்கித் தந்த தம்பிக்கும் என் நெஞ்சார்ந்த நன்றி. வணக்கம்.