சாதுவான சாரை

கராமாவிலிருந்து ஷார்ஜா போகும் பஸ்ஸில் எனக்கு முன்னால் இருவர். ஒருவர் பெண் பார்க்க நாளை நாகர்கோவில் போகிறார். அறையில் வளர்க்கும் இரண்டு சாரைப்பாம்புகளை ரூம்மேட்டின் தலையில் கட்டிக்கொண்டிருந்தார்.

"பெரியவன் கோவக்காரன், பெட்டியத் தொட்டாலே சீறுவான். சின்னவன் சாது, மக்கா."

"அப்ப பெரியவன மட்டும் விட்டுட்டுப் போ."

"லேய், அவன் கடிப்பாம்லா!"

"கடிக்கட்டும், விஷமா இருக்கு? சீறுனா எங்க கெடக்கான்னாவது தெரியும். ஒனக்க சாது, ஏசி குளுருதுன்னு எனக்க போர்வைக்குள்ள வந்துல்லா படுத்தான்!"

"பாசம்டே."

"அதான் பயமா இருக்கு."

நான் இறங்கவேண்டிய நிறுத்தம் போய்விட்டது. போகட்டும் என்று உட்கார்ந்திருந்தேன்.

"செரி, ரெண்டயும் பாத்துக்கிடுதேன். ஆனா பொண்ணு வீட்டுல பாம்பு என்னோடதுன்னு மட்டும் சொல்லிராத."

"அனுப்புன போட்டோவுல பெட்டி தெரிஞ்சிட்டு மக்கா. அப்பமே ஒனக்க பேரச் சொல்லிட்டேன்."